லாவோ ஷே: ஒரே நாவல், என் கையில் இரண்டு முடிவு

பழையபேப்பர்

வணக்கம். ஒரு குழப்பம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீன எழுத்தாளர் லாவோ ஷேயின் ரிக்‌ஷா நாவலை ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஆங்கிலப் பதிப்பில் படித்தேன். நடைபாதைக் கடையில் எடுத்தது. அட்டை கிழிந்து, தைத்த நூல் வெளியே தெரியும். அதன் கடைசிப் பக்கத்தில் ரிக்‌ஷாக்காரன் சியாங்ட்சு, விபச்சார விடுதியில் மாட்டிக்கொண்ட சியாவ் ஃபூட்சு என்ற பெண்ணை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இரண்டு பேரும் தப்பிவிடுகிறார்கள். நிம்மதியாகப் புத்தகத்தை மூடினேன். இத்தனை வருஷமும் எனக்கு அது தப்பித்தவன் கதை.

போன மாதம் புது மொழிபெயர்ப்பு ஒன்று வாங்கினேன். ஆசையாக மறுபடி படித்துக்கொண்டே வந்தால், அந்தப் பெண் இறந்துபோயிருக்கிறாள். சியாங்ட்சு விடுதிக்குத் தேடிப் போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் சவ ஊர்வலங்களில் கூலிக்குக் கொடி தூக்குகிறான். தெருவில் கிடக்கும் சிகரெட் துண்டைக் குனிந்து பொறுக்குகிறான். இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

இதில் எது அவர் எழுதியது? யார் மாற்றினார்கள்?

மூங்கில்காடு

இரண்டாவதுதான் அவருடையது. நீங்கள் முதலில் படித்த அந்த ஓட்டத்தை அவர் எழுதவே இல்லை.

1945ல் நியூயார்க்கில் வந்த மொழிபெயர்ப்பு அது. ராபர்ட் வார்ட் என்ற அமெரிக்கத் தூதரக அதிகாரி, இவான் கிங் என்ற புனைபெயரில் செய்தது. முடிவை அவரே மாற்றிவிட்டார். ஆசிரியரிடம் கேட்கவில்லை. போர் முடிகிற நேரம், சீனாமேல் அமெரிக்க வாசகர்களுக்கு அனுதாபம் இருந்தது. மாதம் ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்து அனுப்பும் பெரிய கழகம் அதைத் தேர்ந்தெடுத்தது. அமோகமாக விற்றது. 1946 மார்ச்சில் லாவோ ஷே, நாடக ஆசிரியர் சாவ் யூவோடு அமெரிக்கா போய் இறங்கியபோது அங்கே அவருக்குக் காத்திருந்த புகழ், அவர் எழுதாத ஒரு முடிவோடு சேர்ந்த புகழ்.

அதோடு நிற்கவில்லை. அவருடைய 'விவாகரத்து' நாவலையும் அதே ஆள் தன் இஷ்டத்துக்கு மாற்றி மொழிபெயர்த்தார். இந்தத் தடவை லாவோ ஷே சும்மா இருக்கவில்லை. ஹெலனா குவோ என்ற மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தன் ஒப்புதலோடு வேறொரு பதிப்பை 1948ல் கொண்டுவந்தார்.

சரி, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முடிவு இரண்டு இல்லை, மூன்று. 1955ல் சீனாவிலேயே ஒரு திருத்தப் பதிப்பு வந்தது. மொத்தம் 24 அத்தியாயம். அதில் 23ன் பின்பாதியும் 24 முழுக்கவும் இல்லை. அந்தப் பெண் இறந்ததோடு கதை நின்றுவிடும். சியாங்ட்சுவின் கடைசிச் சீரழிவு, அறுபது யுவானுக்கு ஒருவனைக் காட்டிக்கொடுப்பது, கொடி தூக்குவது எதுவும் இருக்காது. இதை வெட்டியது லாவோ ஷேயே.

பழையபேப்பர்

அவரேயா? ஏன்?

மூங்கில்காடு

புது ஆட்சி, புது எதிர்பார்ப்பு. உழைக்கிறவனை இவ்வளவு கீழே விழ விடக்கூடாது, அவனுக்கு ஒரு வழி காட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்து நியதி. அந்தப் பதிப்பின் பின்னுரையில் அவர் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிறார்: அந்த மக்கள்மேல் எனக்கு அன்பு இருந்தது, ஆனால் அவர்களுக்கு ஒரு வழியைக் கண்டுபிடித்துத் தரவில்லை என்கிற மாதிரி. அவர் எழுதியதிலேயே எனக்குப் படிக்கக் கஷ்டமான பக்கம் அந்தப் பின்னுரைதான்.

தெற்குவாசல்

முடிவைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அந்த நாவல் என்றால் முதல் அத்தியாயம்தான். அதைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள்.

சியாங்ட்சு பதினெட்டு வயசில் கிராமத்திலிருந்து பெய்ப்பிங் வருகிறான். பெய்ஜிங்குக்கு அப்போது அதுதான் பெயர். வாடகை ரிக்‌ஷா இழுக்கிறான். வண்டிக்காரனுக்கு நாள் வாடகை கட்டிவிட்டு மிஞ்சுவதில் பைசா பைசாவாகச் சேர்க்கிறான். மூன்று வருஷத்தில் நூறு யுவான். சொந்தமாகப் புது வண்டி ஒன்று, 96 யுவானுக்குப் படிகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கி மடியில் வைக்கும்போது கை நடுங்குகிறது, அழுகை முட்டுகிறது. வண்டியை ஆளில்லாத இடமாகப் பார்த்து இழுத்துப் போகிறான். நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். அரக்குப் பூச்சு மினுமினுக்கிற பலகையில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கிறான்.

அப்புறம் ஒன்று நினைக்கிறான் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். தனக்கு இருபத்திரண்டு வயசு என்று தெரியும். அப்பா அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டதால் பிறந்தநாள் எது என்று ஞாபகமில்லை. சரி, இன்றைக்குப் புது வண்டி வாங்கினோம், இதையே பிறந்தநாளாக வைத்துக்கொள்வோம், எனக்கும் இதற்கும் சேர்த்து என்று முடிவு செய்கிறான்.

அந்த வண்டி எத்தனை நாள் நின்றது? ராணுவத்தான் வண்டியோடு அவனையும் பிடித்துக்கொண்டு போகிறான். தப்பி வரும்போது மூன்று ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு வந்து 35 யுவானுக்கு விற்கிறான். அதிலிருந்து "ஒட்டகம்" என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி சேர்த்த காசை மண் உண்டியலோடு ரகசியப் போலீஸ் பிடுங்கிக்கொள்கிறான். ரிக்‌ஷாக் கடை முதலாளி மகள் ஹூ நியு வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு கர்ப்பம் என்று நம்பவைத்து அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவள் காசில் ஒரு வண்டி வருகிறது. அவள் பிரசவத்தில் இறந்ததும் அடக்கச் செலவுக்கு அந்த வண்டியும் போகிறது.

மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்குகிறான். அவன் சோம்பேறி இல்லை, குடிகாரன் இல்லை. ஊரிலேயே நல்ல இழுப்பு அவனுடையது. அப்படிப்பட்டவனையே இந்த ஊர் இப்படி அரைத்துத் துப்பும் என்று காட்டத்தான் கடைசி அத்தியாயம் வேண்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பரிதாபம் மிஞ்சும், கோபம் போய்விடும்.

மூங்கில்காடு

அருமையாகச் சொன்னீர்கள். அந்த "மூன்று தடவை" எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1936 வசந்தத்தில் அவர் சிங்தாவ் நகரில், ஷான்டோங் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன கதை. பெய்ப்பிங்கில் தான் அமர்த்தியிருந்த ரிக்‌ஷாக்காரன் ஒருவன் வண்டி வாங்கினான், விற்றான், இப்படி மூன்று முறை, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனான் என்று. கூடவே இன்னொருவன், ராணுவத்திடம் மாட்டி மூன்று ஒட்டகத்தோடு திரும்பியவன். இரண்டு பேரையும் ஒருவனாக்கினார். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளராக அவர் எழுதிய முதல் நாவல் இதுதான். பத்திரிகையில் 1936 செப்டம்பரில் தொடராக ஆரம்பித்தது. முடிவதற்குள் ஜப்பான் படையெடுப்பு வந்துவிட்டது.

நீலப்பேனா

மன்னிக்கணும், நான் இவரைப் படித்ததே இல்லை. யார் இவர்? பணக்கார வீட்டுப் பிள்ளை ஏழைகளைப் பற்றி எழுதியதா, இல்லை அவரே அந்த மாதிரி வந்தவரா?

மூங்கில்காடு

அவரே வந்தவர். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இயற்பெயர் ஷூ சிங்சுன். 1899 பிப்ரவரி 3ல் பெய்ஜிங்கில் ஒரு சின்னச் சந்தில் பிறந்தார். சீனர் என்று பொதுவாகச் சொன்னாலும் மஞ்சு இனத்தவர். அப்பா அரண்மனைக் காவல் படையில் சிப்பாய். 1900ல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் நுழைந்தபோது நடந்த தெருச் சண்டையில் இறந்துபோனார். அடுத்து அந்நியச் சிப்பாய்கள் வீடு வீடாகக் கொள்ளையடித்தார்கள். இவர்கள் வீட்டிலும் புகுந்து பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒன்றரை வயசுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காலிப் பெட்டி அதன்மேல் கவிழ்ந்து மூடிவிட்டது. அவர்கள் போன பிறகு அம்மா பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பிள்ளை பத்திரமாக இருக்கிறது.

அந்த அம்மாவைப் பற்றி அவர் 1943ல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. படிப்பு இல்லாதவர். ஊரார் துணியைத் துவைத்தும் தைத்தும் பிள்ளைகளை வளர்த்தார். கறிக்கடைக்காரர்கள் கொடுக்கும் காலுறை இரும்பு மாதிரி கறுத்திருக்கும், அதையும் வெள்ளையாக்கித்தான் திருப்பிக் கொடுப்பாராம். கை எப்போதும் சிவந்து லேசாக வீங்கியே இருக்கும். அந்தக் கட்டுரையை அவர் எழுதிய சூழ்நிலை இன்னும் கொடுமை. போருக்காகக் குடும்பத்தை விட்டு, போர்க்காலத் தலைநகரான சோங்சிங்கில் இருக்கிறார். வீட்டுக் கடிதங்களில் அம்மா பேச்சே வருவதில்லை. கேட்கப் பயம். கடைசியில் 1942 டிசம்பரில் வந்த கடிதத்தில்தான் அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று தெரிகிறது.

புனைபெயர் எப்படி வந்தது தெரியுமா? அவர் குடும்பப் பெயர் "ஷூ" என்ற எழுத்தை இரண்டாகப் பிரித்தால் "ஷே", "யூ" என்று இரண்டு எழுத்து. சேர்த்துப் படித்தால் "தன்னை விட்டுக்கொடுப்பது" என்று பொருள் வரும். அதில் முதல் எழுத்தை எடுத்து, முன்னால் "மூத்த" என்ற அர்த்தத்தில் "லாவோ" சேர்த்துக்கொண்டார்.

ஏழைப் பையன் படித்தது, லியூ என்ற ஒரு பணக்கார தர்மவான் பள்ளியில் சேர்த்துவிட்டதால். அப்புறம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. 1918ல் முடித்ததும் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். 1924ல் லண்டன்.

தெற்குவாசல்

லண்டனில் என்ன செய்தார்?

மூங்கில்காடு

கீழைத்தேயக் கல்விப் பள்ளியில் சீனமொழி விரிவுரையாளர். 1929 வரை இருந்தார். முதல் மூன்று நாவலும் அங்கே எழுதியவைதான். டிக்கன்ஸைப் படித்த உற்சாகம் முதல் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். மூன்றாவதான 'இரண்டு மா' ('மா' என்பது குடும்பப் பெயர்), லண்டனில் பழம்பொருள் கடை நடத்த வரும் ஒரு சீனத் தகப்பனும் மகனும் வாடகை வீட்டில் படும் அவமானங்களைப் பற்றியது. கிளெமென்ட் எகர்டன் என்ற ஆங்கிலேயரோடு ஒரே வீட்டில் இருந்து அவருக்குச் சீனம் கற்றுக்கொடுத்தார். பழைய சீனப் பெருநாவல் 'ஜின் பிங் மெய்'யை எகர்டன் மொழிபெயர்க்க உதவினார். 1939ல் அது வெளிவந்தபோது இவருக்குத்தான் சமர்ப்பணம். அந்த வீட்டில் இன்று, புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளுக்கு வைக்கும் நீலப் பலகை பதித்திருக்கிறார்கள். லிங்குவாஃபோன் நிறுவனத்தின் சீனமொழிப் பாட இசைத்தட்டுகளில் பேசியவரும் இவர்தான். அந்தக் குரல் இன்னும் கேட்கக் கிடைக்கிறது.

சிராங்கூன்வாசகி

நான் சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். லண்டனிலிருந்து ஊர் திரும்பும் வழியில் இங்கே இறங்கி, சீன உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சில மாதம் வேலை பார்த்தார். இங்கே இருந்தபோது தொடங்கிய நூல்தான் 'சியாவ் போவின் பிறந்தநாள்'.

கதை ஒரு சின்னப் பையனைப் பற்றியது. அவன் அப்பாவுக்குத் தன் ஊர்க்காரர்களைத் தவிர யாரையும் பிடிக்காது. பையனுக்கோ எல்லோரும் ஒரே குடும்பம் என்று நினைப்பு. மஞ்சள் பிடித்தவர்கள் மஞ்சள் முகத்தோடு வளர்கிறார்கள், கறுப்புப் பிடித்தவர்கள் கறுப்பு முகம் வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்பது அவன் கணக்கு. அவனிடம் ஒரு பொக்கிஷம் உண்டு: கிழிந்த சிவப்புப் பட்டுத் துண்டு ஒன்று. அதைத் தலையில் சுற்றிக்கொண்டால் அவன் இந்தியன். வேறு மாதிரி கட்டிக்கொண்டால் மலாய்க்காரன். தோட்டத்தில் அவனோடு விளையாட வருகிறவர்களில் மலாய்ச் சிறுமிகள், இந்தியப் பிள்ளைகள், வெவ்வேறு பேச்சு பேசும் சீனப் பிள்ளைகள் எல்லோரும் உண்டு.

1930ஐ ஒட்டிய சிங்கப்பூரில், வெள்ளைக்காரன் ஆட்சியில், ஒருவர் அந்தத் தோட்டத்தில் நம் பிள்ளைகளுக்கும் இடம் வைத்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாருமே சொல்லித்தரவில்லை. நூலகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. அந்தச் சிவப்புத் துண்டைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே சொல்லத் தெரியவில்லை.

மேடைவிளக்கு

நாவலைப் பற்றியே போகிறது. நாடகத்துக்கு வரலாமா? நான் நாடகம் செய்கிறவன். என்னைப் பொறுத்தவரை 'தேநீர்க்கடை' ஒன்று போதும், அவர் பெயர் நிற்க.

1957ல் எழுதி 1958 மார்ச்சில் பெய்ஜிங் மக்கள் கலை அரங்கம் மேடையேற்றிய நாடகம். இயக்கியவர்கள் ஜியாவ் ஜூயின், சியா சுன். மூன்று அங்கம். மூன்றும் ஒரே கடையில், யூதாய் தேநீர்க்கடை. முதல் அங்கம் 1898, சீர்திருத்தம் தோற்ற சமயம். இரண்டாவது பத்துக்கும் மேற்பட்ட வருஷம் கழித்து, போர்ப்பிரபுக்கள் காலம். மூன்றாவது ஜப்பான் சரணடைந்த பிறகு, அப்போதைய ஆளும் கட்சியான கோமின்டாங்கின் உளவாளிகளும் அமெரிக்கச் சிப்பாய்களும் திரிகிற பெய்ஜிங். மொத்தம் எழுபதுக்கும் மேல் பாத்திரங்கள். நாயகன் கிடையாது, கதை என்று ஒரு சரடு கிடையாது. கடைக்காரர் வாங் லிஃபா இளைஞனாக ஆரம்பித்துக் கிழவனாக முடிகிறார்.

கடையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: "அரசியல் பேசாதீர்". ஒவ்வொரு அங்கத்திலும் அந்த எழுத்து பெரிதாகிக்கொண்டே போகும். இதை ஆசிரியர் மேடைக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். யாரும் இதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பார்வையாளன் கண் தானாகப் போகும்.

முதல் அங்கத்தின் கடைசியைச் சொல்கிறேன். பஞ்சத்தில் அடிபட்ட ஒரு குடியானவன், பதினைந்து வயசு மகளைத் தரகன் மூலம் விற்கிறான். வாங்குகிறவர் ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை அண்ணகர், வயதானவர், தனக்கு மனைவியாக. பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவள் பசியிலும் பயத்திலும் மயங்கி விழுகிறாள். அப்போது ஒரு மேசையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிற ஒருவர், சுற்றி நடக்கிற எதையும் பார்க்காமல், "அரசனுக்கு வெட்டு! நீ தீர்ந்தாய்!" என்று கத்துகிறார். திரை. மஞ்சு அரசு, அந்தப் பெண், அந்தக் கடை எல்லாமே அந்த ஒரு சதுரங்கக் கூச்சலில் அடங்கிவிடுகிறது. நான் எத்தனையோ பிரதி படித்திருக்கிறேன், இவ்வளவு சிக்கனமான அங்க முடிவைப் பார்த்ததில்லை.

அங்கங்களுக்கு நடுவே ஒப்பனை மாற்ற நேரம் வேண்டுமே என்று ஒரு பிச்சைக்காரனை வைத்தார். கையில் எலும்புத் தாளம் தட்டிக்கொண்டு, காலம் எப்படி மாறியது என்று எதுகையில் பாடிவிட்டுப் போவான். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை. அவர் தெருப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர், அந்த ஓசை காதில் இருந்திருக்கிறது.

எதிர்க்காற்று

எல்லோரும் உருகுகிறீர்கள். நானும் 'தேநீர்க்கடை'யை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியாது. 1949க்குப் பிறகு அவர் அரசாங்க எழுத்தாளர்தானே? அமெரிக்காவில் இருந்திருக்கலாம், திரும்பினார், சரி. 'டிராகன் தாடி ஓடை' எழுதினார், "மக்கள் கலைஞர்" பட்டம் வாங்கினார். ஒவ்வொரு இயக்கத்துக்கும் ஒரு நாடகம். 'வசந்த மலர், இலையுதிர் காலக் கனி' என்ற நாடகத்தை மேலிடத்துக்குத் திருப்தி வரும்வரை பத்துத் தடவை மாற்றி எழுதியிருக்கிறார். 1957ல் வலதுசாரிகள் என்று முத்திரை குத்தி எழுத்தாளர்களை விரட்டியபோது, கண்டித்துப் பேசியவர்கள் வரிசையில் இவரும் நின்றார். வூ சூகுவாங் இவருக்குத் தெரிந்தவர், நாடக ஆசிரியர். அவரையும் கண்டித்தார். இதையெல்லாம் சொல்லாமல் லாவோ ஷேயைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

மேடைவிளக்கு

'டிராகன் தாடி ஓடை'யைப் பிரச்சாரம் என்று ஒரே வீச்சில் தள்ளாதீர்கள். அது உண்மையான சாக்கடை. தெற்கு பெய்ஜிங்கில் ஏழைகள் வாசலில் ஓடிய திறந்த கழிவுநீர் ஓடை. புது அரசு 1950ல் அரண்மனைப் பக்கம் போகாமல் முதலில் இதைச் சுத்தம் செய்தது. துணி துவைத்த கையால் வளர்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! முதல் அங்கத்தில் ஒரு சின்னப் பெண் அந்த ஓடையில் விழுந்து இறக்கிறாள். அந்த அங்கத்தில் ஒரு பொய் வார்த்தை இல்லை. பின்பாதி வாழ்த்துப்பா என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மூங்கில்காடு

எதிர்க்காற்று சொன்ன எதையும் மறுக்கமாட்டேன். வூ சூகுவாங் விஷயமும் உண்மை. அதன் மறுபாதியையும் வூ சூகுவாங்கே எழுதியிருக்கிறார். அவரைத் தூர வடக்குக்கு அனுப்பிய பிறகு, குடும்பம் கஷ்டத்தில் வீட்டிலிருந்த ஓவியங்களை விற்றது. அதில் ஒன்று புகழ்பெற்ற ஓவியர் ச்சி பைஷி வரைந்தது. லாவோ ஷே ஒரு கடையில் அதைப் பார்த்து, யாருடையது என்று தெரிந்து, வாங்கி வைத்திருந்தார். வூ திரும்பி வந்தபின் தெருவில் பார்த்து, வீட்டுக்கு அழைத்துப் போய் அந்த ஓவியத்தைக் கையில் கொடுத்தார். உன் வீட்டுப் படம் எல்லாவற்றையும் வாங்கித் தர முடியவில்லையே என்று வருத்தப்பட்டாராம்.

மேடையில் கண்டித்ததும் அவர்தான், படத்தை வாங்கிப் பாதுகாத்ததும் அவர்தான். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

'தேநீர்க்கடை' விஷயத்தில் மட்டும் அவர் அசையவில்லை. அந்த விற்கப்பட்ட பெண்ணும் அவள் வளர்ப்பு மகனும் புரட்சியில் சேர்வதை மையமாக வைத்து எழுதலாமே என்று யோசனை சொன்னார்கள். முடியாது என்று எழுத்திலேயே பதில் சொன்னார். அப்படிச் செய்தால் மூன்று காலத்தைப் புதைக்கிற வேலை நடக்காது என்றார்.

எதிர்க்காற்று

ஓவியக் கதை எனக்குத் தெரியாது. நன்றி. என் கேள்வி போய்விடவில்லை, ஆனால் இனி அதை இந்தக் கதையையும் சேர்த்துத்தான் கேட்பேன்.

பழையபேப்பர்

இவர் எழுதியது எதுவுமே முழுசாக நம் கைக்கு வராதோ என்று தோன்றுகிறது. முடிவை ஒருவர் மாற்றினார், அவரே ஒரு தடவை வெட்டினார்...

மூங்கில்காடு

நீங்கள் சொல்வது இன்னும் நிறையப் புத்தகங்களுக்குப் பொருந்தும்.

ஜினான் நகரத்தில் இருந்தபோது 'தாமிங் ஏரி' என்று ஒரு நாவல் எழுதினார். ஷாங்காய்ப் பதிப்பகத்துக்கு அனுப்பினார். நகல் வைத்துக்கொள்ளவில்லை. 1932 ஜனவரியில் ஜப்பான் விமானங்கள் ஷாங்காயில் குண்டு போட்டபோது கமர்ஷியல் பிரஸ் எரிந்தது, கைப்பிரதியும் எரிந்தது. மறுபடி எழுத மனம் வரவில்லை. அதில் மறக்க முடியாத ஒரு பகுதியை மட்டும் எடுத்து 'பிறை நிலா' என்ற நெடுங்கதையாக்கினார்.

போர்க்காலத்தில் ஆரம்பித்த பெரிய நாவல் 'ஒரே கூரையின் கீழ் நான்கு தலைமுறை'. அவர் பிறந்த அதே சந்துதான் களம். ஜப்பான் படை பெய்ப்பிங்கைப் பிடிக்கும்போது, சி குடும்பத்துக் கிழவர் மூன்று மாசத்துக்கு அரிசியும் ஊறுகாயும் சேர்த்து வைத்துக்கொண்டு, உடைந்த தொட்டியில் கல்லை நிரப்பி வாசல் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார். எந்தக் கலவரமும் மூன்று மாசத்துக்கு மேல் நிற்காது என்பது அவர் அனுபவம். நின்றது எட்டு வருஷம். அவருடைய கொள்ளுப் பேத்தி பசியில் செத்துப்போகிறாள்.

அதன் கடைசிப் பாகத்தை அமெரிக்காவில் எழுதினார். அங்கே ஐடா ப்ரூயிட் என்பவர் மொழிபெயர்த்தார். ஷான்டோங்கில் பிறந்து வளர்ந்த அமெரிக்கப் பெண்மணி. லாவோ ஷே உரக்கப் படிப்பார், அவர் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார். 1951ல் சுருக்கிய வடிவில் அந்த ஆங்கிலப் புத்தகம் வந்தது. சீனத்தில் கடைசி 13 அத்தியாயம் பத்திரிகையில் வரவே இல்லை. கைப்பிரதி கலாச்சாரப் புரட்சியில் அழிந்தது. பிறகு 1980களில் ஆங்கிலத்திலிருந்து திருப்பிச் சீனத்தில் மொழிபெயர்த்துச் சேர்த்தார்கள். ஹார்வர்டு நூலகம் ஒன்றில் ப்ரூயிட்டின் முழுத் தட்டச்சுப் பிரதி கிடைத்து, அதை வைத்து விரிவான பதிப்பு வந்தது 2017ல்தான். 'மேளப் பாடகர்கள்' நாவலுக்கும் இதே கதி. சீன மூலம் இல்லை, ஆங்கிலத்திலிருந்து திரும்பி வந்ததைத்தான் இன்று சீனர்கள் படிக்கிறார்கள்.

பெய்ஜிங் பேச்சுமொழியை அவரைப் போல எழுதியவர் யாருமில்லை என்பார்கள். அப்படிப்பட்டவருடைய வாக்கியங்களை அவர் ஊர்க்காரர்களே மொழிபெயர்ப்பில் படிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

நீலப்பேனா

கலாச்சாரப் புரட்சியில் அவருக்கு என்ன ஆயிற்று?

மூங்கில்காடு

சுருக்கமாகவே சொல்கிறேன். 1966 ஆகஸ்ட் 23. மாவோவின் பெயரால் திரண்ட இளைஞர் படையான செங்காவலர்கள் பெய்ஜிங் எழுத்தாளர்கள், கலைஞர்கள் சுமார் முப்பது பேரைக் கன்பூசியஸ் கோயில் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இசைநாடக உடைகளையும் பொருட்களையும் குவித்துக் கொளுத்தி, இவர்களைச் சுற்றி மண்டியிட வைத்து அடித்தார்கள். 67 வயது. தலையில் ரத்தம் வந்தது. நாடக உடையின் வெள்ளைக் கைத்துணியைக் கிழித்துக் கட்டினார்கள். அலுவலகத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் அடித்தார்கள். மறுநாள் வீட்டைவிட்டுப் போனவர், தாய்ப்பிங் ஏரிக்கரையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். 25ஆம் தேதி உடலை எடுத்தார்கள்.

அம்மா கடைசியாக வாழ்ந்த வீடு அந்த ஏரிக்குப் பக்கம்தான் என்று மகன் ஷூ யி எழுதியிருக்கிறார். அந்த ஏரியும் இன்று இல்லை, மூடிவிட்டார்கள். சாம்பலைக் குடும்பத்துக்குக் கொடுக்கவில்லை. 1978 ஜூனில் அரசு மரியாதை செய்தபோது பேழைக்குள் அவருடைய மூக்குக் கண்ணாடி, பேனா, கொஞ்சம் மல்லிகைத் தேயிலை வைத்தார்கள்.

மேடைவிளக்கு

'தேநீர்க்கடை' மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சியை அதனால்தான் மேலே எழுதாமல் விட்டேன். மூன்று கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைக்காரர் வாங், தொழிற்சாலை போய்விட்ட ச்சின், தெருவில் கடலை விற்கிற சாங். தங்களுக்குச் சாவு வந்தால் காகிதக் காசு இறைக்கக்கூட ஆளில்லை என்று, பொறுக்கி வைத்திருந்த காகிதக் காசைத் தாங்களே தூவிக்கொண்டு கடையைச் சுற்றி வருகிறார்கள். சாங் கேட்கிறார்: நான் என் நாட்டை நேசிக்கிறேன், என்னை யார் நேசிக்கிறார்கள்? அப்புறம் வாங் இடுப்புப் பட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்.

1957ல் எழுதியது. 1979ல் அதே நடிகர்கள் அதை மறுபடி மேடையேற்றினார்கள். வாங்காக நடித்தவர் அப்போதும் யூ ஷீசிதான். 1992 ஜூலை 16 அந்தக் குழுவின் கடைசிக் காட்சி. ஆசிரியரை எடுத்துக்கொண்டு போன ஊரில், அந்த வசனத்தைப் பேச அவர்களுக்கு எப்படிக் குரல் எழும்பியதோ.

சிராங்கூன்வாசகி

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நீலப்பேனா

நான் எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? ஒன்று மட்டும் சொல்லுங்கள்.

தெற்குவாசல்

ரிக்‌ஷா நாவல். 24 அத்தியாயமும் இருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

மூங்கில்காடு

நான் 'பிறை நிலா' சொல்வேன். ஒரே இரவில் படித்துவிடலாம். அப்பா இறந்த வீட்டில், ஒரு சின்னப் பெண் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுவாள். கடை மேடை அவளுக்குக் கோட்டைச் சுவர் உயரம். அவள் அம்மா ஊரார் காலுறை துவைப்பாள், தோல் மாதிரி விறைத்த காலுறை. யார் கையைப் பார்த்து எழுதினார் என்று உங்களுக்கே தெரியும்.

அது முடிந்ததும் 'செங்கொடியின் கீழ்'. பெயரைப் பார்த்துக் கட்சிக்கொடி என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சுப் படைகளை எட்டுக் கொடியாகப் பிரித்திருந்தார்கள், அவர் அப்பா செங்கொடிப் படைக்காரர். தான் பிறந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறார், தன் இனத்தைப் பற்றி முதல் தடவையாக மனம் திறந்து. 1960களின் தொடக்கத்தில் 11 அத்தியாயம் எழுதி, அதோடு நிறுத்த வேண்டியதாயிற்று. இறந்து 13 வருஷம் கழித்து அச்சானது. இருப்பதிலேயே அவருடைய மிகச் சிறந்த உரைநடை இதுதான் என்பேன்.

பழையபேப்பர்

எல்லோருக்கும் நன்றி. பழைய பதிப்பைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அவரை எனக்கு முதலில் காட்டியது அதுதானே. கடைசிப் பக்கத்தின் கீழே பென்சிலால் எழுதி வைத்தேன்: "இந்த ஓட்டம் லாவோ ஷே எழுதியது இல்லை. அவர் எழுதிய முடிவு இதே அலமாரியில் பக்கத்துப் புத்தகத்தில் இருக்கிறது." இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டேன்.